என் தங்கச்சியால் பிள்ளையை வளர்க்க முடியுமா?

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, இப்போது கொழும்பில் வேலை செய்யும் ஒரு மகள் கேட்டிருக்கிறார். அவருடைய தங்கச்சிக்கு 24 வயது. சின்னதிலிருந்தே "புத்தி கொஞ்சம் மந்தம்" என்று சொல்லி வளர்த்த பிள்ளை. ஐந்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. மணிக்கூடு பார்க்கத் தெரியாது, காசு எண்ணினால் தடுமாறும். ஆனால் சோறு ஆக்குவாள், உடுப்புத் துவைப்பாள், பீலியில் தண்ணீர் பிடித்து, மேட்டில் வரிசை வீடுகளாக இருக்கும் லயம் வரைக்கும் சுமந்து வருவாள். அவளுக்கு மூன்று கிழமைக்கு முன் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. புருஷன் கொழும்பில் கடையில் நிற்கிறார், மாதம் இரண்டு தடவை வந்து போகிறார். "இவகிட்ட விட்டா புள்ள தப்பாது" என்று சொல்லி, பிள்ளையில்லாத மூத்த மருமகளிடம் குழந்தையைக் கொடுத்துவிட மாமியார் நினைக்கிறார். "தங்கச்சியால் முடியுமா, முடியாதா? தீபாவளிக்குப் போகும்போது நான் என்ன வாங்கிக்கொண்டு போக வேண்டும்?" இதுதான் கேள்வி.

மகள், "முடியுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. தங்கச்சி பக்கம் நின்று பேசி, நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பாவம் என் தலையில் விழுமோ என்ற பயம் அது. அந்தப் பயம் நியாயமானது. அதைச் சொல்லாமல் சொல்லியிருக்கிறீர்கள் என்பதால்தான் நேரம் எடுத்து எழுதுகிறேன்.

நான் 27 வருஷம் தோட்டப்புறங்களில் மிட்வைஃபாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். உங்கள் தங்கச்சியைப் போன்ற தாய்மார் எத்தனையோ பேரின் காம்பராக்களில், அதாவது லயத்து அறைகளில், உட்கார்ந்திருக்கிறேன். நான் மனநல வைத்தியரும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. உங்கள் தங்கச்சியை நான் பார்த்ததும் இல்லை. ஆகவே அவளைப் பற்றி இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதை வைத்து ஒன்று சொல்லலாம். சோறாக்கி, துணி துவைத்து, தண்ணீர் சுமக்கிற ஒரு பெண், கையைப் பிடித்துக் காட்டிக்கொடுக்க ஒருவர் பக்கத்தில் இருந்தால், மூன்று கிழமைக் குழந்தையைக் குளிப்பாட்டவும் பால் கொடுக்கவும் படித்துக்கொள்வாள். எனக்குத் தெரிந்த பெரும்பாலான தாய்மார் படித்துக்கொண்டார்கள். படிக்காமல் போனவர்களில் பலருக்குப் படிக்க விடவே இல்லை.

முதலில், "புத்தி மந்தம்" என்பது ஒரு வைத்தியர் சொன்னதா, ஊர் சொன்னதா என்று பாருங்கள். தோட்டங்களில் காது கேளாத பிள்ளையையும், வலிப்பு வருகிற பிள்ளையையும், பள்ளிக்கூடம் சரியாகப் போகாத பிள்ளையையும் ஒரே சொல்லால் அடைத்துவிடுவோம். அறிவுசார் குறைபாடு என்று வைத்தியர்கள் சொல்வதற்கு மூன்று விஷயம் சேர்ந்திருக்க வேண்டும். அறிவுத்திறன் சோதனையில் சுமார் 70க்குக் கீழே வர வேண்டும், அன்றாட வாழ்க்கைக் காரியங்களில் உதவி தேவைப்பட வேண்டும், இது சிறுவயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். உங்கள் தங்கச்சிக்கு இன்றுவரை எந்தச் சோதனையும் நடக்காமல் இருக்கலாம். ஒருமுறை காதையும் கண்ணையும் பார்த்துவிடுவது நல்லது. "சொன்னா மண்டையில ஏறாது" என்று திட்டு வாங்கிய ஒரு தாய்க்கு ஒரு பக்கக் காது கேட்கவில்லை என்பதை, அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகுதான் கண்டுபிடித்தோம்.

அந்தச் சோதனை எண்ணைப் பெரிதாக நினைக்க வேண்டாம். இந்த விஷயத்தை நாற்பது வருஷமாக ஆராய்கிறார்கள். கனடாவில் மொரிஸ் ஃபெல்ட்மன், அவுஸ்திரேலியாவில் க்வினெத் லெவலின் போன்றவர்கள் இந்தத் தாய்மாரின் வீடுகளுக்கே போய்ச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். எண் சுமார் 60க்கு மேலே இருந்தால், அதை வைத்து ஒருத்தி நல்ல தாயா இல்லையா என்று சொல்லிவிட முடியாது என்பது பல ஆய்வுகளில் வந்த முடிவு. குளிப்பாட்டுதல், பால் கொடுத்தல், வீட்டு ஆபத்துகளைக் கவனித்தல் போன்ற குறிப்பிட்ட வேலைகளைச் சின்னச் சின்னப் படியாகப் பிரித்து, படம் காட்டி, செய்து காட்டி, அவளையே செய்யவைத்தால் கற்றுக்கொள்கிறார்கள் என்பதும் நம்பலாம். அதற்கு மேலே போனால் நிலம் அவ்வளவு உறுதியில்லை. ஆய்வுகள் சிறியவை, பெரும்பாலும் வசதியான நாடுகளில் நடந்தவை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு இந்தப் பயிற்சிகளையெல்லாம் ஒன்றாக அலசிப் பார்த்த ஆய்வும், பலன் தெரிகிறது, ஆனால் சான்று பலமாக இல்லை என்றுதான் சொன்னது. பிள்ளை பத்து வயதாகும்போது எப்படி இருக்கும் என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியாது. லயத்துக் காம்பராவில், விறகடுப்புக்குப் பக்கத்தில், மாமியாரோடு வாழும் தாய்க்கு எது சரிவரும் என்பதற்கு என்னிடம் இருப்பது அனுபவம் மட்டும்தான்.

அந்த அனுபவத்தில் என்னை இன்றைக்கும் உறுத்துகிற ஒரு வீடு இருக்கிறது. பெயர் வேண்டாம், தோட்டமும் வேண்டாம். பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த அன்றே மாமியார் தூக்கிக்கொண்டார். பாசத்தில்தான் தூக்கினார், கெட்ட எண்ணம் இல்லை. பால் கொடுக்க மட்டும் தாயிடம் கொடுப்பார். பிள்ளை கொஞ்சம் நெளிந்தாலும் "உனக்குப் புடிக்கத் தெரியல" என்று வாங்கிவிடுவார். அந்தப் பெண் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். இரண்டு கிழமையில் பால் குறைந்தது. பால்மா கரைத்து மாப்பால் தொடங்கினார்கள். பிறகு அவள் பிள்ளை அழுதாலும் எழும்பவில்லை, எழும்பினால் திட்டு விழும் என்று தெரியும். மூன்றாவது மாதத்தில் வந்து பார்த்த ஒரு அதிகாரி, "தாய்க்குப் பிள்ளை மீது பற்று இல்லை" என்று எழுதினார். நான் அந்த அறையில் நின்றேன். பற்று எப்படி இல்லாமல் போனது என்று முதல் நாளிலிருந்து பார்த்தவள் நான். ஆனால் மாமியாரிடம் "பிள்ளையை அவளிடம் கொடுங்கள்" என்று ஒரு தடவைகூட உறுதியாகச் சொல்லியிருக்கவில்லை. வீட்டுப் பெரியவரோடு முரண்டு பிடிக்க வேண்டாம் என்று விட்டேன்.

ஆகவே உங்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான். உதவி செய்கிறவரின் கை பிள்ளையின் மேல் இருக்கக் கூடாது, தாயின் கையின் மேல் இருக்க வேண்டும். பிள்ளையைக் குளிப்பாட்டுவது அவளாகவே இருக்கட்டும். மாமியார் பக்கத்தில் உட்காரட்டும். தலை நழுவினால் அவளுடைய முழங்கையைத் தாங்கட்டும். மாமியார் சமைத்துக் கொடுக்கலாம், துணி துவைக்கலாம், விறகு கொண்டுவரலாம். அதெல்லாம் பெரிய உதவி. பிள்ளை மட்டும் தாயின் மடியில் இருக்கட்டும்.

சொல்லிக்கொடுக்கும் விதத்தில் நான் செய்த ஒரு பிழையையும் சொல்கிறேன். நுவரெலியாவுக்கு மேலே ஒரு தோட்டம், தை மாதக் குளிர். ஒரு தாயிடம் "பிள்ளைய எப்பவும் சூடா வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். நாலாம் நாள் போனால், பிள்ளை மூன்று சட்டை, இரண்டு கம்பளிக்குள் சுற்றி அடுப்படியில் கிடக்கிறது. முகம் சிவந்து, கழுத்தெல்லாம் வேர்க்குரு. அவள் என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். நான் சொன்னதைத்தான் அவள் செய்திருந்தாள். அன்றிலிருந்து "சூடா", "சுத்தமா", "கவனமா", "அடிக்கடி" என்ற சொற்களை விட்டுவிட்டேன். "ஒரு சட்டை, ஒரு தொப்பி, ஒரு போர்வை. வெயில் வந்தா போர்வைய எடுங்க" என்று சொன்னேன். கையால் எண்ணிக் காட்டக்கூடியதை மட்டும் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு புது விஷயம் போதும்.

படமும் அப்படித்தான். எங்களிடம் இருந்த படத் தாள்களில் இருந்த தாய் பளிச்சென்று சேலை கட்டி, ஓடு போட்ட வீட்டில் உட்கார்ந்திருப்பாள். ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, "இது யாரு டீச்சர்?" என்று கேட்டாள். பிறகு என் போனில் அவளுடைய கையையே படம் பிடித்தேன். அவளுடைய பேசன், அவளுடைய முழங்கை தண்ணீரில், அவளுடைய துவாய், அவளுடைய பிள்ளை. ஆறு படம். ஹட்டன் டவுனில் கழுவி எடுத்து, சோற்றுப் பசையால் அடுப்படிச் சுவரில் வரிசையாக ஒட்டினேன். முதல் படத்தில் பேசன் மட்டும், இரண்டாவதில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவது, மூன்றாவதில் கொதிதண்ணீர் கலப்பது, நாலாவதில் முழங்கையால் சூடு பார்ப்பது. பச்சைத் தண்ணீர் முதலில், கொதிதண்ணீர் பிறகு. இந்த ஒழுங்கு மாறக் கூடாது, மாறினால் பிள்ளை வேகும். அவள் ஒவ்வொரு நாளும் படத்தைத் தொட்டுத் தொட்டுச் செய்தாள். ஒரு மாதத்தில் தொடாமல் செய்தாள். படங்களைக் கழற்றவா என்று கேட்டேன், விடவில்லை. அவளுடைய கை அழகாக இருந்ததாம்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. கிளினிக்கில் கற்றுக்கொண்டதை வீட்டில் செய்வாள் என்று எதிர்பார்க்கக் கூடாது. கிளினிக்கில் நீலப் பேசனில் அழகாகக் குளிப்பாட்டியவள், வீட்டில் தகரப் பேசனில் தடுமாறுவாள். அவளுக்கு அது வேறு வேலை. ஆகவே அவளுடைய காம்பராவில், அவளுடைய பாத்திரத்தில், வழக்கமாகக் குளிப்பாட்டும் நேரத்தில் காட்டிக்கொடுங்கள். செய்து முடித்ததும் எது சரி என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். "நல்லா செஞ்ச" என்பது காற்றோடு போய்விடும். "தலைய கையில தாங்கினியே, அது சரி" என்றால் நாளைக்கும் தாங்குவாள். பிழையாகச் செய்தால் பேச்சால் திருத்தாமல் கையைப் பிடித்து மறுபடி செய்யவையுங்கள்.

பால் விஷயத்தில் உங்கள் தங்கச்சிக்குத் தாய்ப்பாலைவிடச் சுலபமானது எதுவும் இல்லை. அளக்கத் தேவையில்லை, கொதிக்கவைக்கத் தேவையில்லை, எண்ணத் தேவையில்லை, டவுனுக்குப் போய் வாங்கத் தேவையில்லை. மாப்பால் என்றால் இதெல்லாம் அவளுக்குச் சிரமமான வேலைகள். முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். இந்த வயதில் பிள்ளை ஒரு நாள் ஒரு இரவுக்குள் 8 முதல் 12 தடவை குடிக்க வேண்டும். மணிக்கூடு தெரியாதவளுக்கு நான் இரண்டு டின் கொடுப்பேன். ஒன்றில் பத்து சோடா மூடி. பால் கொடுத்ததும் ஒரு மூடியை மற்ற டின்னுக்கு மாற்ற வேண்டும். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குச் சங்கு ஊதும்போது தொடங்கி, மறுநாள் சங்குக்குள் முதல் டின் காலியாக வேண்டும். பொழுது விழும்போது பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால் பிள்ளையை எழுப்பிக் கொடுக்க வேண்டும். அவளுக்கு இது பிடித்துப்போகும், ஏனென்றால் தான் சரியாகச் செய்கிறேனா என்பதை யாரையும் கேட்காமல் அவளே பார்க்கலாம். பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் மூத்திரம் போகிறதா என்று கொடியில் காயும் துணியைப் பார்த்து மற்றவர்கள் கவனிக்கலாம். பிள்ளை தவழத் தொடங்கியதும் மூடிகளை எடுத்துவிட வேண்டும், வாயில் போடும்.

இரவில் உட்கார்ந்து பால் கொடுக்கும்போது தூங்கிப்போவது எல்லாத் தாய்க்கும் நடக்கும். பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும், முகத்துக்குப் பக்கத்தில் தலையணையோ கம்பளியோ கூடாது. குடித்துவிட்டு வருகிற ஆள் பக்கத்தில் பிள்ளையைப் படுக்கவைக்கவே கூடாது. தேன் தொட்டு வைப்பது, வசம்பு உரைத்துக் கொடுப்பது, இரண்டும் வேண்டாம். பாட்டிமார் கோபித்துக்கொள்வார்கள். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து என்பதை அவர்களிடம் மிட்வைஃபே சொல்லட்டும்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதை ஐந்து விரலில் சொல்லிக்கொடுங்கள். பெருவிரல், பால் இழுக்கவில்லை. ஆட்காட்டி விரல், வலிப்பு. நடுவிரல், மூச்சு வேகமாக ஓடுகிறது அல்லது நெஞ்சுக்குக் கீழே குழி விழுகிறது. மோதிர விரல், உடம்பு கொதிக்கிறது அல்லது சில்லென்று கிடக்கிறது. சின்ன விரல், தூக்கினாலும் துவண்டு கிடக்கிறது. உள்ளங்கை எதற்கு என்றால், பிள்ளையின் உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாக இருந்தால் அதற்கும் ஓட வேண்டும். ஏதாவது ஒன்று வந்தால் போதும், யோசிக்கத் தேவையில்லை, யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. "பிள்ளை ஒரு மாதிரியா இருந்தா சொல்லு" என்று விட்டால் அவள் எதைச் சொல்வாள்? 1990 அம்புலன்ஸ் இலவசம். அந்த எண்ணை அவளுடைய போனில் ஒரு பொத்தானில் போட்டு, அந்தப் பொத்தானில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டிவிடுங்கள். தோட்டத்துப் பாதைக்கு வண்டி வரத் தாமதமானால் யாருடைய ஓட்டோவில் போவது என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். நடுச்சாமத்தில் பேச முடியாது.

பக்கத்துக் காம்பராவில் வாசிக்கத் தெரிந்த ஒரு ஆளைப் பிடித்து வையுங்கள். ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளை இல்லாத லயம் இல்லை. காய்ச்சல் கோலை (தெர்மாமீட்டரை) கக்கத்தில் வைப்பது உங்கள் தங்கச்சியின் வேலை. அது கீ என்று சத்தம் போட்டதும் பக்கத்துக் காம்பராவுக்குக் கொண்டுபோய்க் காட்டுவதும் அவளுடைய வேலை. எண்ணை வாசிப்பது மட்டும் மற்றப் பிள்ளையின் வேலை. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 37.5 அல்லது அதற்கு மேலே காட்டினால், மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. மஸ்கெலியா ஆஸ்பத்திரியோ, டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரியோ, எது கிட்டவோ அங்கே போக வேண்டும். கிளினிக் துண்டில் எழுதியிருப்பதை வாசிப்பதும் இப்படித்தான். வாசிக்க முடியாதது தாய்மைக்குக் குறை இல்லை, எங்கள் அம்மாமார் பாதிப் பேர் வாசிக்கத் தெரியாதவர்கள்தான்.

குழந்தை சுகாதார விருத்திப் பதிவேட்டை அவளுடைய கையிலேயே கொடுங்கள், மாமியாரின் டிரங்குப் பெட்டியில் வேண்டாம். அதில் இருக்கும் எடை வரைபடம் நிறத்தில் இருப்பதால் எழுத்துத் தெரியாதவளும் வாசிக்கலாம். கோடு பச்சையில் மேலே போகிறது என்றால் அவளுக்கே தெரியும். ஒரு தாய் ஒவ்வொரு மாதமும் எடை போட்ட பிறகு என்னிடம் புத்தகத்தை நீட்டி, "பச்சையா?" என்று கேட்பாள். மாமியார் முன்னால் அதைச் சத்தமாகச் சொல்லச் சொல்வாள். தடுப்பூசிக்கு 2, 4, 6 மாதம், பிறகு 9 மாதம், ஒரு வயது என்று வரும். திகதியை நினைவில் வைக்கச் சொல்லாதீர்கள். மிட்வைஃபிடம் கேட்டு, கலண்டரில் அந்த நாளில் ஒரு ஊசி படம் வரைந்துவிடுங்கள்.

இதெல்லாம் ஒரு தடவை சொல்லிவிட்டு முடிகிற காரியம் இல்லை. இங்கேதான் குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. மூன்று மாதம் நன்றாகப் பார்த்தாள் என்று உதவியை நிறுத்திவிடுவார்கள். ஆனால் பிள்ளை மாறிக்கொண்டே இருக்கும், அவள் படித்தது பழையதாகிவிடும். ஆறு மாதத்தில் சோறு மசித்துக் கொடுக்க வேண்டும், அது புதுப் பாடம். எட்டு மாதத்தில் தவழும். நம்முடைய காம்பராக்களில் அடுப்பு தரையோடு இருக்கிறது, மண்ணெண்ணெய்ப் போத்தல் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கிறது, வாசலுக்கு வெளியே கழிவுநீர்க் கான் ஓடுகிறது. நான் பார்த்த விபத்துகள் பெரும்பாலும் இந்த மூன்றில்தான். தாய்க்குப் புத்தி கூர்மையாக இருந்த வீடுகளிலும் நடந்தன. அடுப்புக்கு முன்னால் ஒரு பலகைத் தட்டி, மண்ணெண்ணெய்க்கு உயரத்தில் ஒரு ஆணி, வாசலுக்கு ஒரு குறுக்குப் பலகை. அவளுடைய கவனத்தை மட்டும் நம்பாமல் வீட்டையே பிள்ளைக்கு ஏற்றபடி மாற்றுங்கள். புருஷன் வருகிற சனிக்கிழமையில் செய்யலாம். அவருக்கும் அந்தப் பிள்ளை பிள்ளைதான், குளிப்பாட்ட அவரும் பழக வேண்டும்.

பேச்சும் விளையாட்டும் இன்னொரு விஷயம். இந்தத் தாய்மாரில் சிலர் பிள்ளையோடு குறைவாகப் பேசுவார்கள், தங்களோடு யாரும் அதிகம் பேசாமல் வளர்ந்தவர்கள் என்பதால். தாலாட்டுத் தெரியும் என்றால் பாடச் சொல்லுங்கள். பிள்ளை பெரிதானதும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது பிள்ளை பராமரிப்பு நிலையத்தில், விடலாம். அங்கே ஆயம்மா நல்லவராக இருந்தால் பிள்ளைக்கும் நல்லது, தாய்க்கும் ஒரு துணை. அவள் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்பவள் என்றால், பிரசவ லீவும் அதற்கான கொடுப்பனவும் சட்டப்படி அவளுக்கு உரியது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

"பிள்ளைக்கும் இப்படி வருமா?" என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மாமியார் கேட்பார். பதில் காரணத்தைப் பொறுத்தது. தங்கச்சி பிறக்கும்போது மூச்சுத் திணறியோ, சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் வந்தோ இப்படியானாள் என்றால் அது பிள்ளைக்குப் போகாது. பரம்பரைக் காரணங்களும் இருக்கின்றன. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்தால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பிள்ளையின் வளர்ச்சிப் படிகளை மிட்வைஃப் எப்படியும் பார்ப்பார், பின்தங்கினால் சீக்கிரம் தெரியும். தங்கச்சி வலிப்பு மருந்து குடிப்பவள் என்றால், அடுத்த பிள்ளையைப் பற்றி யோசிக்கும் முன் வைத்தியரிடம் காட்டட்டும். சோடியம் வால்புரோயேட் என்ற மருந்து வயிற்றுப் பிள்ளையின் மூளையைப் பாதிக்கும். தானாக மருந்தை நிறுத்தவும் கூடாது. அடுத்த பிள்ளை வேண்டுமா என்பதை அவளிடம் கேளுங்கள். கருத்தடைக்கு ஊசியோ, லூப்போ, கையில் வைக்கும் குச்சியோ, ஒவ்வொன்றையும் அவளுக்குப் புரிகிற மாதிரி விளக்கச் சொல்லுங்கள். அவளுக்கு விளங்காமல் ஆபரேஷன் கடதாசியில் பெருவிரல் பதியவைப்பதைத் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள்.

அவளுடைய மனதையும் பாருங்கள். பிள்ளை பெற்ற பிறகு வரும் மனச்சோர்வு இப்படிப்பட்ட தாய்மாருக்கு அதிகம் வரும், ஆனால் அவர்கள் சொல்லத் தெரியாமல் இருப்பார்கள். சாப்பிடாமல், தூங்காமல், பேசாமல் இருந்தால் "அவ எப்பவும் அப்படித்தான்" என்று விட்டுவிட வேண்டாம். முன்பு இல்லாத மாற்றம் என்றால் அது நோய், மருந்து உண்டு.

சட்டம் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். இயலாமையுடையோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. பெற்றோரின் இயலாமையைக் காரணமாக வைத்துப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்றும், வளர்க்கத் தேவையான உதவியை அரசு செய்ய வேண்டும் என்றும் அதன் 23ஆம் உறுப்புரை சொல்கிறது. மாமியார் நினைக்கிற "கொடுத்துவிடுவோம்" சட்டப்படி ஒன்றும் இல்லை. தத்துக் கொடுப்பது 1941ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிமன்றத்தின் வழியாக மட்டும்தான் நடக்கும். நீங்கள் இன்றைக்கே கவனிக்க வேண்டியது பிறப்புப் பதிவு. 42 நாளுக்குள் பதிய வேண்டும், உங்களுக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. தாயின் இடத்தில் உங்கள் தங்கச்சியின் பெயர்தான் இருக்க வேண்டும். "பின்னால சிக்கல் வராம" மூத்த மருமகளின் பெயரைப் போடலாம் என்று யாராவது சொன்னால் அது குற்றம். அப்படிப் பதிந்த பிள்ளைகள் அடையாள அட்டை எடுக்கும் வயதில் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

மூத்த மருமகளைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தேன். பிள்ளைக்கு ஏங்குகிற அந்தப் பெண்ணை எதிரியாக்க வேண்டாம். தங்கச்சிக்குப் பக்கத்தில் நிற்கச் சரியான ஆள் அவராகவே இருக்கலாம். பெரியம்மா என்ற இடம் சின்ன இடம் இல்லை. "பிள்ளை உன்னுடையது, நான் உனக்குத் துணை" என்று அவர் வாயால் தங்கச்சியிடம் சொல்லவைக்க முடிந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

சில வீடுகளில் பிள்ளையைப் பிரிக்கத்தான் வேண்டியிருந்தது. அதை மறைத்தால் நான் உண்மை பேசாதவள் ஆவேன். எவ்வளவு காட்டிக்கொடுத்தும் பசிக்கு அழும் பிள்ளையைக் கவனிக்க முடியாத, தானே முழுநேரமும் பராமரிக்கப்பட வேண்டிய நிலையில் இருந்த ஒரு தாய் இருந்தாள். இன்னொரு வீட்டில் தாய் அருமையாகப் பார்த்தாள், ஆனால் அந்த வீட்டுக்கு வந்துபோகும் ஒரு ஆளால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து இருந்தது. அங்கே பிள்ளையை மட்டும் எடுத்தார்கள், அவளை அந்த ஆளிடமே விட்டுவிட்டார்கள். அது அநியாயம். எடை தொடர்ந்து குறைந்தால், காயங்கள் இருந்தால், பிள்ளை தனியே விடப்பட்டால், தாயை யாராவது அடித்தால் அல்லது பயன்படுத்திக்கொண்டால் காத்திருக்க வேண்டாம். பிள்ளைக்கு 1929, பெண்ணுக்கு 1938. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார், சமூக சேவை உத்தியோகத்தரும் இருக்கிறார். இயலாமைக் கொடுப்பனவு பற்றியும் அங்கே கேளுங்கள்.

உங்கள் பகுதி மிட்வைஃபிடம் நீங்கள் நேரே பேசுங்கள். பிள்ளை பிறந்த முதல் பத்து நாளுக்குள் அவர் இரண்டு தடவையாவது வீட்டுக்கு வந்திருக்க வேண்டும், 42ஆம் நாள் பக்கமாகவும் வருவார். ஒரு மிட்வைஃபுக்குப் பல டிவிஷன் இருக்கும், எல்லா லயமும் ஏறி இறங்க வேண்டும், ஆகவே நாளும் வர முடியாது. ஆனால் "என் தங்கச்சிக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுக்க வேண்டும்" என்று கேட்டால், கூடுதலாக வர ஏற்பாடு செய்வார். மேலே சுகாதார வைத்திய அதிகாரியிடமும் சொல்லலாம். மிட்வைஃபோடு பேசும்போது தங்கச்சியும் அங்கே உட்கார்ந்திருக்கட்டும், கேள்விகளை அவளைப் பார்த்துக் கேட்கச் சொல்லுங்கள்.

தீபாவளிக்கு என்ன வாங்கிக்கொண்டு போவது என்றும் கேட்டிருந்தீர்கள். பால்மா டின் வேண்டாம், பால் போத்தல் வேண்டாம், வோக்கர் வேண்டவே வேண்டாம். ஒரு டிஜிட்டல் காய்ச்சல் கோல், இரண்டு பருத்தித் துவாய், பெரிய எழுத்துக் கலண்டர் ஒன்று வாங்குங்கள். பண்டிகைக்கு முதல் நாள் போய் அடுத்த நாள் திரும்பாமல், நாலு நாள் லீவு எடுக்க முடியுமா பாருங்கள். முதல் நாள் ஒன்றும் சொல்லாமல் அவள் எப்படிச் செய்கிறாள் என்று பாருங்கள். அவளுக்குத் தெரிந்தது நீங்கள் நினைத்ததைவிடக் கூடுதலாக இருக்கும். இரண்டாம் நாள் போனை எடுத்து, அவள் குளிப்பாட்டும்போது கையைப் படம் பிடியுங்கள். மூன்றாம் நாள் டவுனில் கழுவிக்கொண்டு வந்து சுவரில் ஒட்டுங்கள், எந்தப் படம் முதலில் என்று அவளே சொல்லட்டும். நாலாம் நாள் மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, உங்கள் தங்கச்சியைப் பிள்ளையைக் குளிப்பாட்டச் சொல்லுங்கள்.